சுவரைப் பார்த்து நின்றவன்

கையில் எடுத்தவுடனேயே தெரிந்துவிட்டது, இது ஆகாது. ரப்பர் பந்து. விழுந்தால் துள்ளும், துள்ளி உருண்டு பார்த்துக்கொண்டிருப்பவன் காலடியில் போய் நிற்கும், அதை எடுக்கக் குனிய வேண்டும், குனிகிறவனைப் பார்த்து உலகத்தில் எவனும் கைதட்டியதில்லை. தொம்மை அதைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான். போட்டான் என்பதைவிட எறிந்தான் என்பதே சரி. அது அங்கேயும் துள்ளி, அடுக்கியிருந்த கேரம் பலகைகளுக்கு நடுவில் எங்கோ போய் விழுந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த விளையாட்டுச் சாமான் கடைக்காரர் பொன்பாண்டி அண்ணாச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்க்கட்டும். காலை ஆறு மணிக்கு ஷிப்டு முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, படுக்காமல், கண் இரண்டும் மிளகாய்த்தூள் பட்டது மாதிரி எரிய இங்கே வந்து நிற்கிறவனுக்கு ஒரு பந்தை எறியக்கூட உரிமை கிடையாதா? மணி பத்தே முக்கால். பன்னிரண்டு மணிக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதுசாகத் திறந்திருக்கும் மாலில், பிள்ளைகள் விளையாடுகிற பகுதியில், ஐந்து பந்தை ஒரே நேரத்தில் வீசிப் பிடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் வேலை. பகல் வேலை. இருபது வருஷமாக ஐஸ் பிளான்டில் ராத்திரி ராத்திரியாகக் கம்ப்ரசரைக் காவல் காத்துக்கொண்டு கிடக்கிறவனுக்கு அந்த ஒரு சொல் போதும். பகல் வேலை என்றால் ராத்திரி வீடு, ராத்திரி வீடு என்றால் மோட்சம். அதுதான் அவன் மனைவியின் பெயர். இறால் கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறிவிடுவாள். அவன் ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைவான். நடுவில் அரை மணி நேரம், அதற்குள் அவள் தலை சீவ வேண்டும், அவன் பல் தேய்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு, ஆனால் அந்த ராத்திரி உடம்பு தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். புரண்டு புரண்டு அவள் தூக்கத்தையும் கெடுப்பானேன் என்று முன்னறையில் பாயைப் போட்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடப்பான். நிலைப்படியில் நடந்த குடும்பம். மகள் உண்டானதே மீன்பிடித் தடைக்காலத்தில் பிளான்ட் மூடிக் கிடந்த புண்ணியத்தில். பிளான்டில் எல்லோரும் அவளைத் தடைக்காலத்துப் பிள்ளை என்றுதான் கேலி பேசுவார்கள், அவளும் இப்போது நாகர்கோவிலுக்கு நர்சிங் படிக்கப் போய்விட்டாள். "இதையாவது நல்லாப் பாத்துச் செய்ங்க," என்றாள் மோட்சம் இன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்டே. பார்த்து. எதைப் பார்க்க? பார்ப்பதுதானே இங்கே வினையே.

பந்து போடுகிறவன் கையைப் பார்ப்பதில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள். தொம்மைக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்ரசர் இரைச்சலுக்குள் கண்ணசந்துவிடக் கூடாது என்பதற்காகப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த விளையாட்டு. மூன்று பந்து ஒரே மாசத்தில் வந்துவிட்டது. நான்குக்கு ஒரு வருஷம். ஐந்துக்கு ஆறு வருஷம். பழைய டென்னிஸ் பந்தைக் கீறி, குருணை அரிசியைத் திணித்துத் தைத்த பந்துகள், விழுந்தால் விழுந்த இடத்தில் செத்துக் கிடக்கும். அந்த ஆறு வருஷத்தில் கை கற்றுக்கொண்டது கொஞ்சம், மிச்சமெல்லாம் கண். மேலே போன பந்து கீழே திரும்புவதற்கு முன் ஒரு நொடி, நொடியில் பாதி, ஒன்றும் செய்யாமல் சும்மா நிற்கும். அந்த உச்சியை மட்டும் பார்த்தால் போதும், எங்கே வந்து விழப்போகிறது என்பதை அது அங்கேயே சொல்லிவிடும், கை தானாகப் போய் நிற்கும். அப்படியென்றால் அந்த உச்சிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் எல்லாம். பிளான்டில் பின்னால் இருந்தது சுவர். எண்ணெய்ப் புகை படிந்து படிந்து, பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாமல் போன சுவர், அதன் முன்னால் மஞ்சள் பந்து விளக்கு ஏற்றியது மாதிரித் தெரியும். ஒரு தடவை முதலாளி அந்தச் சுவரில் ஒரு வலைக் கம்பெனி காலண்டரைக் கொண்டுவந்து மாட்டினார், சிவப்புப் படகும் மஞ்சள் சூரியனும். அவ்வளவுதான், ஒரு வாரம் ஐந்து வரவில்லை, நாலும் தட்டுத்தடுமாறித்தான். பிடுங்கிக் கிழித்துப் போட்டான். "ஏல, காலண்டர் ஒன்னய என்னல செஞ்சிச்சு?" என்று முதலாளி கத்தினார். லீவு நாளில் மொட்டை மாடியில் முயன்று பார்த்தான்; கேபிள் வயர், காக்கா, அடுத்த வீட்டுக்காரி காயப்போட்ட சேலைகள், மூன்றுகூட நிற்கவில்லை. கடற்கரைக்குப் போனான். அங்கே கடலும் வானமும் சேர்கிற கோடு பந்தை இரண்டாக வெட்டியது, கோட்டைத் தாண்டும்போது பந்து ஒரு கணம் இல்லாமல் போய், வேறு ஒரு பந்தாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நினைப்பு முதல் தடவை வந்தது, வந்தது போகவே இல்லை: அப்படியானால் இத்தனை வருஷமாகப் பந்து போட்டது யார்? நானா, சுவரா? சீ என்று தள்ளினால் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கமாகத் திரும்ப வரும். உன்னை அந்த அறைக்கு வெளியே எடுத்தால் நீ யார்? மாதாகோயில் திருவிழாவில் ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் போட்டிருக்கிறாயா? கூச்சம். ஒரு மனுஷன் பார்த்ததில்லை. செல்போனைச் சுவரோரமாக ஒரு ஐஸ் கேன் மேல் சாய்த்துவைத்து எடுத்து அனுப்பிய ஒரு நிமிஷ வீடியோவைப் பார்த்துத்தான் மால்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீடியோவில் ஐந்து பந்தும் அம்சமாகத்தான் போகின்றன. அது பொய்யில்லை. உண்மையுமில்லையே.

போன புதன்கிழமை முன்கூட்டியே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான். எச்சரிக்கையான ஆள் அல்லவா. கயிறு கட்டித் தடுத்திருந்த இடத்தில், சனங்கள் நின்று பார்க்கிற இடத்தில் நின்றுகொண்டு, மேடைக்குப் பின்னால் எழுந்து நின்ற அந்தப் பெரிய சுவரைப் பார்த்தான். மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி. அதன் கழுத்துக்குப் பின்னால் ஆரஞ்சுச் சூரியன். ரோஸ் யானை. நீல மரம். வெள்ளை மேகம், அந்த மேகத்துக்குக் கண்ணும் வாயும். புல் ஊதா. புல்லுக்கு ஊதா அடித்தவனைக் கொண்டுவந்து நிறுத்திக் கேட்க வேண்டும், உன் ஊரில் மாடு எதையடா தின்கிறது என்று. எவனோ ஏசி அறையில் உட்கார்ந்து பெட்டியில் இருக்கிற அத்தனை வர்ணத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், அந்தச் சுவருக்கு முன்னால் ஒருத்தன் பிழைப்புக்காகப் பந்து வீச வேண்டிவரும் என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பானா? தொம்மையின் மஞ்சள் பந்துகள் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்குள் போனால் திரும்பி வராது. அன்றிலிருந்து ஐந்து நாள் அந்தச் சுவர் தலைக்குள்ளேயே நிற்கிறது. படுத்தால் யானை. கண்ணை மூடினால் மேகம் சிரிக்கிறது. கம்ப்ரசரின் அழுத்தமானியைப் பார்த்தால் அதன் பின்னால் ஊதாப் புல். சுவரை மாற்ற முடியாது, பந்தை மாற்றலாம். பழைய பந்துகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. அதனால்தான் இந்தக் கடை, இந்தத் தூசி, இந்த ரப்பர் நாற்றம்.

"என்னவே, பந்து வாங்க வந்தீரா, பந்துக்குப் பொண்ணு பாக்க வந்தீரா?" என்றார் பொன்பாண்டி அண்ணாச்சி கல்லாவிலிருந்தபடியே. "அரை மணி நேரமா ஒவ்வொண்ணா மூஞ்சிகிட்ட வச்சுப் பாக்கீரு, மோந்து பாக்கீரு, கீழ போட்டுப் பாக்கீரு." "மாப்பிள்ள பாக்கேன் அண்ணாச்சி. நீரு வாரீரா?" என்றான் தொம்மை. சிரிப்பதற்காகச் சொன்னது சிரிப்பாக வெளிவரவில்லை, கடித்த மாதிரி வந்தது. அண்ணாச்சி அதையும் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டார், அதுவும் எரிச்சலாக இருந்தது. கிரிக்கெட் பந்து, தையல் கையை அறுக்கும். பிளாஸ்டிக் பந்து, மின்விசிறிக் காற்றுக்கே வழிமாறும். சிவப்பு, ரோஸ் யானைக்குப் பக்கம்; பச்சை, நீல மரத்துக்குப் பக்கம்; வெள்ளை, மேகத்துக்கு. எல்லாவற்றுக்கும் அந்தச் சுவரில் ஒரு சொந்தக்காரன் இருந்தான். கடைசியில் அடித்தட்டில், உடற்பயிற்சி எடைகளுக்குப் பின்னால், ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே ஆறு பந்து. கறுப்பு ரெக்சின், உள்ளே மணல். "அது வாதம் வந்தவங்க கையில வச்சுப் பெசையதுக்கு. டாக்டர் எழுதிக் குடுப்பாரு. ஒமக்கு எதுக்கு?" என்றார் அண்ணாச்சி. தொம்மை இடுப்பளவிலிருந்து ஒன்றை விட்டான். தொப். அசையவில்லை. இரண்டை ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், முட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்தன. ஆறையும் மாற்றி மாற்றிக் கைகளில் ஏந்திப் பார்த்ததில் ஒன்று மட்டும் மணல் கூடுதலாக, பிள்ளைத்தாய்ச்சி மாதிரிக் கனத்தது, அதை ஒதுக்கினான். ரெக்சின் வியர்வையில் வழுக்கும், பரவாயில்லை, தரையில் தேய்த்தால் சரியாகும். மூன்றை எடுத்து அங்கேயே வீசினான். கூரையிலிருந்து வலைப்பையில் கால்பந்துகள் தொங்கின, மஞ்சளும் சிவப்பும் நீலமும், மாலின் சுவருக்கு ஒன்றும் குறைச்சலில்லாத கூத்து. அத்தனை வர்ணத்துக்கு முன்னாலும் அந்தக் கறுப்பு பொட்டு வைத்த மாதிரித் தெரிந்தது. மூன்றும் உச்சியில் நின்று நின்று வந்தன. அடே! ஐந்து நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது. "நல்ல காரியத்துக்குப் போறேங்கீரு, போயும் போயும் கறுப்பப் போயி எடுக்கீரே," என்றார் அண்ணாச்சி பொட்டலம் கட்டிக்கொண்டே. "அந்தச் செவுத்துல இல்லாத நெறம் இது ஒண்ணுதான் அண்ணாச்சி." அவருக்குப் புரியவில்லை. யாருக்குத்தான் புரிந்தது. ஆனால் தொம்மைக்குப் புரிந்துவிட்டது என்று தொம்மை நினைத்தான், ரோட்டைக் கடக்கும்போது ஒரு மினி பஸ்காரன் ஹாரன் அடித்ததற்கு அவனைப் பார்த்து நாக்கைத் துருத்தக்கூடத் தோன்றியது.

மாலுக்குள் குளிர். ஐஸ் பிளான்டின் குளிர் எலும்புக்குள் இறங்கும், இது தோலோடு நின்று கூச்சம் காட்டுகிற குளிர். "வந்துட்டீங்களா அங்கிள்?" என்றாள் ஷெரின், வீடியோவைப் பார்த்துக் கூப்பிட்ட பெண், நிகழ்ச்சிகளையெல்லாம் நடத்துகிறவள், கையில் ஒரு வாக்கி டாக்கி. அங்கிள். நாற்பத்தியேழு வயசு. இவளுக்கு இருபத்தைந்து இருக்குமா, இவளுடைய அப்பாவுக்குத் தம்பியா நான்? சரி, வேலை கொடுக்கிறவள், அங்கிள் என்றாலும் ஆட்டுக்குட்டி என்றாலும் பல்லைக் காட்டத்தான் வேண்டும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முப்பது நாற்பது பேர், பிள்ளைகளைத் தோளில் தூக்கியவர்கள், பாப்கார்ன் கொறிப்பவர்கள். அவன் மேடையில் ஏறினான். ஐந்து கறுப்புப் பந்தையும் எடுத்தான், மூன்று வலது கையில், இரண்டு இடது கையில். காலை அகட்டினான், மூச்சை இழுத்தான், தலையை நிமிர்த்தி ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தான். வாடா. இப்போது வா. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் நாலு பேர் சிரித்தார்கள். "அங்கிள்," என்றாள் ஷெரின், அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, "ஆடியன்ஸ் இந்தப் பக்கம்." அப்போதும் ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது, காலிலிருந்து தலைக்குப் புரிந்தது. பந்து போடுகிறவன் சனங்களைப் பார்த்து நிற்பான். சுவர் அவன் முதுகுக்குப் பின்னால். சுவர் அவர்களுக்கு. மடையா, சுவர் உனக்கு இல்லையடா! ஐந்து நாளாக யாருக்கோ வரைந்த யானையோடு மல்லுக்கட்டியிருக்கிறாய், யாருடைய கண்ணுக்கோ பந்து தேடியிருக்கிறாய். பதினாலு வருஷம் ஒரு சுவரைத் தவிர வேறு ஒருவர் முகத்துக்கு நேராகவும் பந்து வீசாதவனுக்கு மட்டும் வரக்கூடிய புத்தி இது, வேறு எந்தக் கிறுக்கனுக்கும் இப்படி ஒரு தப்பு செய்யத் தெரியாது. திரும்பினான். எதிரே, சனங்களின் தலைக்கு மேலே, மாலின் சினிமாத் தியேட்டர் வாசல். தரையிலிருந்து கூரை வரைக்கும் கறுப்புக் கல். இருட்டைப் பாளம் பாளமாக அறுத்து ஒட்டிய மாதிரி.

இருந்தாலும் வீசினான். வேறென்ன செய்ய, ஷெரின் கையைக் காட்டியாகிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் கை பழக்கத்தில் போனது, நான்காவது போகும்போது முதலாவது எங்கே என்று கண் கேட்டது, பதில் இல்லை. மேலே போனதெல்லாம் அந்தக் கல்லுக்குள் போனது. தொப். தொப் தொப். துள்ளவில்லை, உருளவில்லை, கச்சிதமாகச் செத்து விழுந்தன, அதற்காகத்தானே பார்த்துப் பார்த்து வாங்கினாய். குனிந்து எடுத்தான். இரண்டாம் தடவை. ஒன்று தோளில் பட்டது. "விட்டுட்டாருடா," என்று ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு விளக்கம் சொன்னான், என்னவோ பிள்ளைக்குக் கண்ணில்லாத மாதிரி. "வீடியோல அஞ்சு போட்டீங்களே அங்கிள்?" என்றாள் ஷெரின். குரலில் குற்றமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அது வேற எடம்," என்றான். "இடத்துக்கும் பந்துக்கும் என்ன அங்கிள் இருக்கு?" எல்லாம் இருக்கிறது. எல்லாம் அதுதான். சொன்னால் புரியுமா உனக்கு? இந்தக் கல்லை இங்கே பதித்தவனை, ஊதாப் புல் அடித்தவனை, காலண்டர் மாட்டியவனை, இருபது வருஷம் ஒரு இரைச்சலுக்குள் என்னை நிறுத்திவைத்தவனை, ஒரு தடவையாவது வெளியே வந்து நாலு பேர் முன்னால் நிற்காத என்னை, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி இந்த மணல் பந்தால் ஒவ்வொருத்தன் நெற்றியிலும் அடிக்க வேண்டும். இரண்டு பந்தை மேடையில் போட்டுவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொண்டான். உயரம் கூடாது. தலைக்கு மேல் போனால் கறுப்பு. தாடைக்கு மேல் போகவிடாமல் தாழ்வாக, கோபத்தோடு, வேகவேகமாக வீசினான், பந்து திரும்புகிற இடத்துக்குப் பின்னால் கல் இல்லை, சனங்களின் சட்டைகள் இருந்தன, சுடிதார்கள், வெள்ளை பனியன், ஒரு குழந்தையின் மொட்டைத் தலை. தெரிந்தது. அந்த மொட்டைத் தலைக்கு முன்னால் கறுப்புப் பந்து நன்றாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் போட்டான். ஒன்றும் விழவில்லை. நிறுத்தியதும் கைதட்டினார்கள்.

நன்றாகவே தட்டினார்கள். விசிலும் ஒன்று வந்தது. தொம்மை கைதட்டலுக்கு நடுவில் நின்று, இதைவிடப் பெரிய அவமானம் தனக்கு நடந்ததில்லை என்று நினைத்தான். மூன்று பந்து. முதல் மாசத்தில் வந்தது. அதற்குப் பிறகு வந்த பதினாலு வருஷத்தை இவர்கள் கேட்கவே இல்லை. "சூப்பர் அங்கிள்," என்று ஷெரின் மேடைக்கு வந்தாள். "இது போதும். அடுத்த திங்கட்கிழமை வந்துருங்க, பதினொண்ணுலேர்ந்து ஏழு." "அஞ்சு?" என்றான். "நாலஞ்சு மாசம் இங்கயே பழகுனா அஞ்சும் வந்துரும்." அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "அஞ்சு எதுக்கு அங்கிள்? ரொம்ப வேகமா இருக்கும், பசங்களுக்கு எது எங்க போகுதுன்னே புரியாது. மூணுன்னா ரீல்ஸ்ல அழகா தெரியும். அப்புறம் இந்தக் கறுப்பு வேண்டாம், உள்ள லைட் எரியிற பந்து எங்ககிட்ட இருக்கு, அதையே தந்துர்றோம்." லைட் எரிகிற பந்து. பின்னால் கல் இருந்தால் என்ன, கடல் இருந்தால் என்ன. எந்த மடையன் வீசினாலும் தெரியும். "சரிம்மா," என்றான் தொம்மை. சரிம்மா என்று சொன்ன தன் வாயையே பிய்த்து எறிய வேண்டும்போல இருந்தது, ஆனால் ராத்திரி ஏழரைக்கு வீட்டில் இருப்போம் என்பதும் அதே நேரத்தில் நினைவுக்கு வந்தது, இரண்டும் ஒன்றையொன்று விலக்காமல் நெஞ்சுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வெளியே வெயில். ஒரு மணிக்குத்தான் இறால் கம்பெனியில் சாப்பாட்டு நேரம், அதுவரைக்கும் செல்போனைத் தொடவிட மாட்டார்கள். மாலின் வாகன நிறுத்தத்தில், இரும்புக் கம்பியில் சாய்ந்து நின்று, ஒன்று ஐந்துக்கு மோட்சத்தைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள், கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். "கெடைச்சிட்டா?" "ம்." "மாதாவே!" என்றாள். பின்னால் பெண்களின் பேச்சும் தட்டு கழுவுகிற சத்தமும். "கெடைச்சதுக்கு ஏன் சண்டைக்காரர் மாதிரிப் பேசுதிய?" என்றாள். "மூணு பந்து போதும்னுட்டாங்க மோட்சம். மூணே மூணு." "நல்லதுதான? கை வலியாவது கொறையும்." கத்துவதற்கு வாயைத் திறந்தான். நல்லதா, என்ன நல்லது, ஐந்துக்கு ஆறு வருஷம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா, நீ ஒரு நாளாவது பார்த்திருக்கிறாயா? பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பாள். அவன் பந்து போட்ட அத்தனை ராத்திரியும் அவள் வீட்டில் தனியாகப் படுத்திருந்தாள், அதை அவனும் ஒரு நாள் பார்த்ததில்லை. கத்த வைத்திருந்த சொற்கள் எங்கோ போய், அவன் யோசித்தே வைத்திராத ஒன்று வாயிலிருந்து வந்தது. "நீ ராத்திரி எந்தப் பக்கம் படுப்ப?" "என்னது?" "கட்டில்ல. சன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?" அந்தப் பக்கம் யாரோ அவளை ஏதோ கேலி செய்தார்கள், அவள் பதில் சொல்லாமல் தள்ளி நடந்து போவது கேட்டது, செருப்புச் சத்தம், பிறகு வெட்டவெளியின் காற்று. அவள் பேசியபோது, அவன் இதுவரை கேட்டிராத, ஆனால் ரொம்ப நாளாக இருந்திருக்கிற ஒரு கோபம் அந்தக் குரலில் இருந்தது.

"நடுவுல," என்றாள். "இருபது வருஷமா நடுவுலதான் படுக்கேன்."